விழித்திருக்கும் நோயாளி: நிக்கோபார் முதல் கோபன்ஹேகன் வரை

இந்திய விடுதலையின் ஆண்டாகிய 1947, நிக்கோபார் தீவுகளின் மருத்துவ வரலாற்றில் ஒரு கொள்ளைநோயின் ஆண்டாகவும் பதிந்துள்ளது. ஜப்பானிய ஆக்கிரமிப்பிலிருந்து அத்தீவுகள் மீண்டு அப்போது இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. 1947–48இல் அங்கு இளம்பிள்ளை வாதம் பரவியது. 1948இல் 'இந்தியன் மெடிக்கல் கெசட்' இதழ் அதனைப் பதிவு செய்தது. போலியோ என்று இன்று பரவலாக அறியப்படும் இந்நோய், தன் தமிழ்ப் பெயரிலேயே பிள்ளைகளின் நோய் என்று அடையாளம் காட்டப்படுகிறது. மக்கள் நெருங்கி வாழும் பெருநிலப்பரப்பில் அப்பெயர் பொருத்தமானதே. அங்கு நோய்க்கிருமி ஓயாது சுற்றிவருவதால் பெரும்பாலோர் சிறு வயதிலேயே அதனை எதிர்கொண்டு எதிர்ப்பாற்றல் பெற்றுவிடுகின்றனர். கடல் சூழ்ந்த சிறு மக்கட்கூட்டத்தின் நிலை வேறு. கிருமி பல்லாண்டுகள் வராமலே இருந்து, திடீரென ஒருநாள் வந்து சேரும்போது, பெரியவர்களும் பிள்ளைகளைப் போலவே காப்பற்றவர்களாக நிற்பர்.

இந்நோயின் இயல்பு ஒன்றை இங்கே கருத வேண்டும். கிருமி தண்டுவடத்தின் இயக்க நரம்பணுக்களை அழிக்கிறது. கை கால் தளர்கின்றன. கடுமையான நிலையில் உதரவிதானமும் விலாத்தசைகளும் செயலிழந்து மூச்சு நின்றுபோகிறது. எனினும் தொடு உணர்வு பெரும்பாலும் மாறுவதில்லை. பலருக்கு அறிவும் நினைவும் தெளிவாகவே இருக்கும். தன் மூச்சு குறைவதைத் தானே உணர்ந்தபடி கிடக்கும் நோயாளி அவர். சுவாசத்தசை தளர்ந்தோரைக் காக்க 1928–29இல் பாஸ்டனில் பிலிப் டிரிங்கர் உருவாக்கிய 'இரும்பு நுரையீரல்' என்னும் பெட்டி அன்று இந்தியப் பெருநகரங்களிலேயே அரிய பொருள். தீவுகளில் அத்தகைய நோயாளிக்குக் கிடைக்கக்கூடியது ஒன்றுதான்: பக்கத்தில் இருக்கும் மனிதர்.

இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவு இதே நோயிலிருந்துதான் பிறந்தது. அங்கு கிடக்கும் நோயாளியை எவ்வளவு உறங்க வைப்பது, எப்போது எழுப்புவது, எப்போது நடக்க வைப்பது என்பன கடந்த கால் நூற்றாண்டாக உலகெங்கும் ஆராயப்படும் வினாக்கள். மருந்தியலின் வினாக்களாகவே இவை பெரும்பாலும் பேசப்படுகின்றன. வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால் இவற்றின் அடியில் இன்னொரு வினா கிடப்பது தெரியும்: நோயாளியின் பக்கத்தில் இருந்த ஆள் எப்போது, எதனால் அகன்றார்?

படுக்கையின் ஆட்சி

நோய் என்றால் படுக்கை என்பது இன்று இயல்பாகத் தோன்றுகிறது. 'படுத்துவிட்டார்' என்றாலே நோய் முற்றியது என்று தமிழில் பொருள். ஆயினும் படுக்கையை ஒரு மருந்தாகவே விதிக்கும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில்தான் கோட்பாட்டு வலிமை பெற்றது. 1863இல் வெளிவந்த ஜான் ஹில்டனின் ஓய்வும் வலியும் பற்றிய விரிவுரைகள், உடல் தன்னைத்தானே சீராக்கிக்கொள்ள அசைவின்மையே துணை என்று வாதிட்டன. எலும்பு முறிவில் உண்மையான அக்கருத்து மெல்ல எல்லா நோய்க்கும் பரவியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மாரடைப்பு வந்தவர் வாரக்கணக்கில் அசையாது கிடந்தார். போலியோ வந்த பிள்ளையின் தளர்ந்த கால்கள் மரச்சட்டத்திலும் மாவுக்கட்டிலும் பூட்டப்பட்டன.

இவ்வாட்சிக்கு எதிர்ப்பு பல முனைகளிலிருந்து எழுந்தது. ஆஸ்திரேலியச் செவிலியர் எலிசபெத் கென்னி, போலியோ நோயாளிகளின் கட்டுகளை அவிழ்த்து, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த கம்பளித் துணியால் ஒத்தடமிட்டு, தசைகளை மெல்ல அசைத்துப் பழக்கினார். முறையான மருத்துவக் கல்வி அற்றவர் என்று தம் நாட்டில் ஒதுக்கப்பட்ட அவர் 1940இல் அமெரிக்கா சென்றார். 1942இல் மினியாபொலிஸ் நகரில் அவர் பெயரால் ஒரு நிறுவனம் எழுந்தது. நோயின் காரணம் பற்றி அவர் கொண்டிருந்த விளக்கங்கள் பிற்காலத்தில் ஏற்கப்படவில்லை. அசைவு பற்றிய அவரது நடைமுறை நிலைத்தது. இரண்டாம் உலகப் போரில் படுக்கைகள் போதாதபோது, அறுவை முடிந்த படைவீரர்கள் முன்பைவிட விரைவில் எழுப்பப்பட்டனர். அதனால் அவர்கள் கெட்டுப்போகவில்லை என்பதும் கண்கூடாயிற்று.

நிக்கோபாரில் கொள்ளைநோய் பரவிய அதே 1947இன் டிசம்பரில், லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் படுக்கையின் தீமைகளை உறுப்பு உறுப்பாக அடுக்கிக்காட்டினார்: நுரையீரலில் சளித் தேக்கம், காலில் இரத்த உறைவு, தோலில் படுக்கைப்புண், எலும்பில் சுண்ணச்சத்து இழப்பு, தசையில் மெலிவு, இறுதியாக மனத்தில் சோர்வு. 1952இல் பாஸ்டனில் சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லௌனும் மாரடைப்பு நோயாளிகளைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றி, அதன் பயனை வெளியிட்டனர். படுக்கை ஒரு மருந்தெனில் அதற்கும் அளவுண்டு, நஞ்சாகும் எல்லையும் உண்டு என்பது இவ்வாறு நிறுவப்பட்டது.

1952: ஆளே இயந்திரம்

அதே 1952இன் கோடையில் கோபன்ஹேகன் நகரில் போலியோ பெரும் வேகத்தில் பரவியது. பிளெக்தம் மருத்துவமனையில் ஒரே ஒரு இரும்பு நுரையீரலும் மார்புக்கூட்டு வகைக் கருவிகள் ஆறுமே இருந்தன. முதல் மூன்று வாரங்களில் அவற்றைக்கொண்டு சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தனர். மருத்துவமனைத் தலைவர் லாசன், மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சனை ஆலோசனைக்கு அழைத்தார். ஆகஸ்ட் 27 அன்று, இறப்பின் விளிம்பில் இருந்த 12 வயதுச் சிறுமி விவி எபர்ட்டின் மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர்ப் பையை அமுக்கி அவளது நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்த இப்சன் முயன்றார். சிறுமி திணறிப் போராடியதால் காற்று உட்செல்லவில்லை. அவர் தயோபென்டால் என்னும் உறக்கமருந்தைச் செலுத்தினார். போராட்டம் அடங்கியது, காற்று உட்சென்றது, சிறுமி பிழைத்தாள். தீவிர சிகிச்சையின் பிறப்பு என்று கொண்டாடப்படும் அந்நிகழ்விலேயே உறக்கமருந்தும் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. காற்றுக்கு வழி திறப்பதே அன்று அம்மருந்தின் வேலை.

அடுத்து நிகழ்ந்ததே முக்கியமானது. பையை அமுக்க இயந்திரம் இல்லை. எனவே மருத்துவ மாணவர்கள் அழைக்கப்பட்டனர். ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் நோயாளிகளின் தலைமாட்டில் அமர்ந்து கையால் பையை அமுக்கினர். ஒரே நேரத்தில் 70 நோயாளிகள் வரை இவ்வாறு சுவாசித்தனர். முன்பு பத்துக்கு ஒன்பதை நெருங்கிய இறப்பு, அவ்வாண்டின் முடிவுக்குள் நான்கில் ஒன்று என்னும் அளவுக்குக் குறைந்தது.

அந்நோயாளிகளுள் பலர் வாரக்கணக்கில் விழித்திருந்தனர். தொண்டையில் குழாய் இருந்ததால் அவர்களால் பேச முடியவில்லை. தலைமாட்டில் இருந்த மாணவர் கதை படித்துக்காட்டினார், விளையாட்டுக் காட்டினார், முகக்குறிப்பால் விருப்பம் அறிந்தார். மூச்சின் வேகம் போதாதபோது நோயாளியின் கண் சொல்லியது, மாணவரின் கை கேட்டது. செவிக்கு எட்டாத ஓர் உரையாடலே அங்கு சுவாசக் கருவியாக இயங்கியது. 1953 டிசம்பரில் கோபன்ஹேகனிலேயே இப்சன் தொடங்கிய பிரிவு உலகின் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு எனக் கருதப்படுகிறது.

இருக்கை காலியானபோது

மாணவர்களைக் காலமெல்லாம் அமர்த்திவைக்க இயலாது. ஸ்வீடனில் எங்ஸ்ட்ரோம் உருவாக்கிய இயந்திரமும் அதன் வழிவந்தவையும் அவர்களின் வேலையை ஏற்றன. இயந்திரம் களைப்பதில்லை; ஆனால் அன்றைய இயந்திரம் கேட்கவும் அறியாது. அது தன் தாளத்தில் காற்றைத் தள்ளும். நோயாளி தன் தாளத்தில் மூச்சிழுக்க முயன்றால் இரண்டும் மோதும். மாணவரின் கை நோயாளிக்கு இணங்கியது. இப்போது நோயாளி இயந்திரத்துக்கு இணங்க வேண்டியவரானார். இணங்காதவரை இணங்கச் செய்ய மார்பின், டயசெபாம், பின்னர் மிடசோலாம், புரோபோஃபால் ஆகியவை வந்தன. தசையையே முடக்கும் மருந்துகளும் உடன் சேர்ந்தன. ஒரு செவிலியர் பல நோயாளிகளைப் பார்க்க வேண்டிய பிரிவுகளில் அசையாத நோயாளி பாதுகாப்பான நோயாளியாகவும் தோன்றினார். மாணவர் எழுந்துசென்ற இருக்கையில் மருந்துப்புட்டி அமர்ந்தது.

இம்மாற்றத்தைக் கண்ணால் கண்டவர்களுள் ஒருவர் அமெரிக்க நுரையீரல் மருத்துவர் தாமஸ் பெட்டி. கடும் சுவாசத் தளர்ச்சி நோய்க்குறியை 1967இல் முதன்முதலில் விவரித்த குழுவில் இருந்தவர் அவர். 1998இல் 'செஸ்ட்' இதழில் எழுதிய குறிப்பொன்றில், தம் தொடக்ககாலத்தில் சுவாசக் கருவியுடன் நாற்காலியில் அமர்ந்து பிறரோடு உறவாடிய நோயாளிகளையும், இப்போது முடக்கப்பட்டு உயிரற்றவர்போல் கிடப்பவர்களையும் அவர் ஒப்பிட்டு வருந்தினார். உறக்கமருந்து தீங்கற்றது என்னும் நம்பிக்கை அதற்கு முன்பே ஒருமுறை ஆட்டம் கண்டிருந்தது. எட்டோமிடேட் என்னும் மருந்தைத் தொடர்ந்து செலுத்தப்பெற்ற விபத்து நோயாளிகளிடையே இறப்பு கூடியதை 1983இல் கிளாஸ்கோ மருத்துவர்கள் 'லான்செட்' இதழில் அறிவித்தனர். அம்மருந்து அட்ரினல் சுரப்பியை அடக்குவது பின்னர் புலனாயிற்று.

மயக்கம் என்னும் சொல்

தமிழில் இவ்வரலாற்றை எழுதுவோர் ஒரு சொற்சிக்கலை எதிர்கொள்கின்றனர். வெயிலில் ஒருவர் சுருண்டு விழுவதும் மயக்கம். அறுவைக்கு முன் தருவதும் மயக்க மருந்து. சுவாசக் கருவியில் இருப்பவருக்கு நாள்கணக்கில் செலுத்துவதும் மக்கள் வழக்கில் மயக்க மருந்தே. இவை மூன்றும் வேறு வேறு நிலைகள். "மயக்கத்தில் வைத்திருக்கிறோம்" என்று மருத்துவர் சொல்லும்போது, வலியற்ற ஆழ்ந்த உறக்கம் ஒன்றை வெளியே காத்திருக்கும் உறவினர் கற்பனை செய்கின்றனர்.

இலக்கண மரபில் அச்சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் வேற்றுமை மயங்கியல் ஓர் இயல். மெய்யோடு மெய் கூடி நிற்பது மெய்ம்மயக்கம். அங்கு மயங்குதல் என்பது ஒன்று மற்றொன்றோடு கலத்தல். நெடுநாள் மருந்தில் கிடந்தோரின் அனுபவத்துக்கு இப்பொருளே நெருக்கமானது. அவர்கள் உறங்குவதில்லை, இயல்பான உறக்கத்தின் படிநிலைகள் அம்மருந்துகளால் குலைகின்றன. பகலும் இரவும் கலக்கின்றன, கனவும் நனவும் கலக்கின்றன. ஊசி போட வந்தவர் கொல்ல வந்தவராகத் தெரிகிறார். நாட்டு வழக்கு இதனைச் 'சன்னி' என்றும் 'பிதற்றல்' என்றும் அறியும். பிதற்றாமல், பேசாமல், வெறித்த பார்வையோடு கிடக்கும் அமைதியான சன்னியும் உண்டு. தொல்லை தராத நோயாளி என்று எண்ணப்பட்டுத் தவறிப்போவது பெரும்பாலும் இவ்வகையே.

நோயாளியின் குழப்பத்தைச் செவிலியர் படுக்கையருகே கண்டறிய ஒரு முறையை வெஸ் ஈலியும் உடன்பணியாற்றியோரும் 2001இல் வெளியிட்டனர். சுவாசக் கருவியில் இருந்தோரிடையே இக்குழப்பம், ஆறு மாதங்களுக்குள் இறக்கும் வாய்ப்போடு தொடர்புடையது என்பதை 2004இல் அதே குழு காட்டியது. சன்னி அதன்பின் போகிற போக்கில் வந்துபோகும் துணைவிளைவாகக் கருதப்படவில்லை.

எழுப்புதலின் சான்றுகள்

திருப்பம் எளிய கேள்வியொன்றிலிருந்து தொடங்கியது. மருந்தை நாள்தோறும் ஒருமுறை நிறுத்தினால் என்ன? 2000இல் சிகாகோவில் ஜான் கிரெஸ் குழுவினர் 128 நோயாளிகளிடம் இதனைச் செய்தனர். நாள்தோறும் எழுப்பப்பட்டோர் சுவாசக் கருவியில் இருந்த காலத்தின் இடைநிலை அளவு 4.9 நாள், மற்றோருக்கு 7.3 நாள். 2003இல் டொரண்டோவின் மார்கரெட் ஹெரிட்ஜ், கடும் சுவாசத் தளர்ச்சியிலிருந்து பிழைத்த 109 பேரை ஓராண்டு பின்தொடர்ந்தார். நுரையீரல் பெருமளவு தேறியிருந்தது, தேறாதது தசை. ஆறு நிமிடங்களில் அவர்கள் நடந்த தொலைவு, எதிர்பார்க்கத்தக்க அளவில் மூன்றில் இரண்டு பங்கே இருந்தது. உயிர் பிழைத்தோர் வாழ்வுக்குத் திரும்பவில்லை என்பதை மருத்துவம் அப்போதுதான் எண்ணிப்பார்த்தது.

தசை எவ்வளவு விரைவில் கரைகிறது என்பதும் அளக்கப்பட்டது. 18 முதல் 69 மணி நேரம் முழுவதுமாகக் கருவியே சுவாசித்த நிலையில், உதரவிதானத் தசைநார்களின் குறுக்குப்பரப்பு பாதிக்கும் மேலாகச் சுருங்கியிருந்ததை 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. மூளைச்சாவுற்ற உறுப்புக் கொடையாளர்களிடம் கிடைத்த சான்று அது. தொடையின் முன்தசை பத்து நாளில் ஏறத்தாழ 18 விழுக்காடு மெலிகிறது என்பது 2013இல் 63 நோயாளிகளிடம் தெரியவந்தது. போலியோக் கிருமி நரம்பை அழித்துச் செய்ததை, வேறொரு வழியில், நோயின் அழற்சியும் அசைவின்மையும் மருந்தும் சேர்ந்து செய்தன.

2007இல் சால்ட் லேக் நகரச் செவிலியர் பாலி பெய்லியும் குழுவினரும், சுவாசக் கோளாறு கொண்ட 103 நோயாளிகளை உட்காரவும் நிற்கவும் நடக்கவும் செய்த 1,449 நிகழ்வுகளைப் பதிவு செய்தனர். இடையூறு நேர்ந்தவை ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. 2009இல் வில்லியம் ஷ்வைக்கர்ட் குழுவினர், மருந்தை நிறுத்தும் வேளையிலேயே உடலியக்கப் பயிற்சியைத் தொடங்கினர். 104 பேர் பங்கேற்ற அவ்வாய்வில், பயிற்சி பெற்றோரில் 59 விழுக்காட்டினர் தாமே உண்டு, உடுத்தி, நடக்கும் நிலையில் மருத்துவமனையை விட்டுச் சென்றனர். மற்றக் குழுவில் 35 விழுக்காட்டினர். 2010இல் டென்மார்க்கின் ஓடன்சே நகரில் தாமஸ் ஸ்ட்ரோம் குழுவினர், வலிக்கு மார்பின் தந்து, உறக்கமருந்தை அறவே தவிர்த்து 140 நோயாளிகளை ஆராய்ந்தனர். மருந்து பெறாதோர் கருவியிலிருந்து விரைவில் விடுபட்டனர். அப்பிரிவில் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு செவிலியர் இருந்தார்; கலங்கியவரின் அருகே அமர்ந்து ஆறுதல் சொல்ல மேலும் ஒருவரை அழைத்துக்கொள்ள வாய்ப்பும் இருந்தது. கோபன்ஹேகனின் காலி இருக்கை, அரை நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, அதே நாட்டில் மீண்டும் நிரம்பியது.

பிந்திய ஆய்வுகள் இவ்வுற்சாகத்தை அளவோடு நிறுத்தின. 2020இல் 700 பேரிடம் நடந்த விரிந்த ஆய்வில், உறக்கமருந்தே தராமையும் அன்றாடம் எழுப்பும் மென்மையான உறக்கமும் இறப்பில் பொருட்படுத்தத்தக்க வேறுபாட்டைக் காட்டவில்லை. 2022இல் 750 பேரிடம் நடந்த ஆய்வில், பயிற்சியை மேலும் கூட்டியபோது கூடுதல் பயன் தெரியவில்லை. இதயத்துடிப்புப் பிறழ்வு, பிராணவாயு குறைதல் போன்ற இடையூறுகள் மிகுந்தன. அவ்வாய்வின் ஒப்பீட்டுக் குழுவினரும் வழக்கமான பயிற்சி பெற்றவர்களே என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். எழுப்புவது தவறு என்று இவை கூறவில்லை. அசைவுக்கும் ஓர் அளவுண்டு என்கின்றன. படுக்கைக்கு ஆஷர் சொன்னதே உறக்கமருந்துக்கும் பொருந்தும், பயிற்சிக்கும் பொருந்தும். வலியை முதலில் தணித்தல், உறக்கத்தை மென்மையாக வைத்தல், டயசெபாம் இன மருந்துகளைக் கூடுமானவரை தவிர்த்தல், இயன்ற அளவு அசைவித்தல் என்பவை 2018இன் பன்னாட்டு வழிகாட்டலில் இடம்பெற்றன.

மீண்டும் தீவுகளில்

இவ்வரலாறு அந்தமானுக்கு அயலானதன்று. அங்கு நெற்பாத்தியிலும் சேற்றிலும் இறங்குவோரைத் தாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி, தீவிர சிகிச்சையின் தேவையை முகத்தில் அறைந்தாற்போல் உணர்த்துவது. 1931லேயே டெய்லரும் கோயலும் அந்தமான் லெப்டோஸ்பைரா நோய் பற்றித் தனிநூல் வெளியிட்டனர். பின்னர் அந்நோய் மறக்கப்பட்டது. 1988 முதல் மழைக்காலத்தை ஒட்டி வட அந்தமானில் காய்ச்சலும் இருமலில் இரத்தமுமாக மக்கள் இறந்தபோது, அது காரணம் தெரியாத 'அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்' எனப்பட்டது. 1990களில் போர்ட் பிளேரின் மண்டல மருத்துவ ஆராய்ச்சி மைய அறிவியலாளர்கள் அதனை லெப்டோஸ்பைரா நோய் என்று நிறுவினர். நுரையீரலுக்குள் இரத்தம் கசியும் அக்கடும் நிலையில் சில நாள்களேனும் சுவாசக் கருவி வேண்டும். அந்நாள்களில் ஆழ்ந்த உறக்கமும் தேவைப்படலாம்; கசிவு பொங்கும் நுரையீரலோடு ஒருவரை எழுப்பி உட்காரவைப்பது மருத்துவமன்று. கசிவு நின்ற பிறகும் மருந்து நிற்காதிருப்பதே சிக்கல். பெரும்பாலும் உழைக்கும் வயதினரைத் தாக்கும் நோய் இது. தொடைத்தசை கரைந்து வீடு திரும்பும் உழவருக்கு அடுத்த பருவத்தின் நடவு கைநழுவும்.

எழுப்புதல் என்றால் தீவுகளில் என்ன பொருள்? உறக்கத்தின் ஆழத்தை அளக்க உலகெங்கும் வழங்கும் ரிச்மண்ட் அளவுகோலில், கண்மூடிக் கிடப்பவரைத் தொடுவதற்கு முன் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். குரலுக்குக் கண் திறக்கிறாரா என்பதே முதல் அளவீடு. குழப்பத்தைக் கண்டறியும் ஈலி முறையில், எழுத்துகளை வரிசையாகச் சொல்லி, 'ஏ' என்னும் ஆங்கில எழுத்து வரும்போது கையை அழுத்தச் சொல்வர். கல் நீரில் மிதக்குமா, கடலில் மீன் உண்டா என்பன போன்ற எளிய வினாக்களும் கேட்கப்படும். கருவிகள் நிறைந்த அறையில் இவ்விரண்டு அளவீடுகளுக்கும் வேண்டியது மொழி ஒன்றே.

2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிக்கோபார் மக்கள்தொகை 3,80,581. தாய்மொழியாக வங்காளம் கொண்டோர் ஏறத்தாழ 28 விழுக்காடு, இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13, நிக்கோபாரி 8, மலையாளம் 7. ராஞ்சியிலிருந்து குடிபெயர்ந்தோரிடையே சாத்ரியும் குடுக்கும் வழங்குகின்றன. கடைத்தெருவில் எல்லோரையும் இணைப்பது அந்தமான் இந்தி. கடைத்தெருவுக்குப் போதுமான மொழி, சன்னியிலிருந்து மீளும் மனத்துக்குப் போதுமா? கார் நிக்கோபாரிலிருந்து போர்ட் பிளேருக்குக் கொண்டுவரப்பட்ட மூதாட்டி ஒருவரை எண்ணிப்பார்க்கலாம். இந்தியில் தரும் கட்டளைக்கு அவர் கையை அழுத்தவில்லை என்றால், அது அறிவின் குழப்பமா, மொழியின் இடைவெளியா? ஆங்கில எழுத்தே அறியாத உழவர் 'ஏ'யைத் தவறவிட்டால் அது நோயா? தவறாகக் குழம்பியவர் என்று எண்ணப்பட்டவருக்கு மேலும் மருந்து ஏறும். அம்மருந்தே மெய்யான குழப்பத்தை உண்டாக்கும். சென்னைக்கோ வேலூருக்கோ 1,300 கிலோமீட்டருக்கும் மேல் கடல் கடந்து மேல்சிகிச்சைக்கு வருவோருக்கு இவ்விடைவெளி இன்னும் கூடும். அங்கு பெயரைச் சரியாக உச்சரித்து அழைக்கும் குரலே அரிதாகலாம்.

இதற்கு ஒரு விடை தமிழ்நாட்டு மருத்துவமனை வழக்கிலேயே இருந்தது. பொது மருத்துவமனையில் சேர்க்கும்போது முதலில் கேட்கப்படும் கேள்விகளுள் ஒன்று, உடன் இருப்பவர் யார் என்பது. உணவூட்டுவதும், புரட்டிப் படுக்க வைப்பதும், கைத்தாங்கலாக நடக்க வைப்பதும் அந்த உடனிருப்பவரே. ஆள்துணை என்பது அங்கு வசதியன்று, சிகிச்சையின் பகுதி. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1966இல் உருவான உள்நோயாளர் மறுவாழ்வு நிலையம் உடலியக்கத்தை மருத்துவத்தின் மையத்துக்குக் கொண்டுவந்தது. அதனை எழுப்பிய மேரி வர்கீஸ், 1954இல் நேர்ந்த விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை செய்த மருத்துவர். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவு மட்டும் உடனிருப்பவரை வெளியே நிறுத்தியது. தொற்று பற்றிய அச்சமும் இட நெருக்கடியும் அதற்குக் காரணங்கள், இரண்டும் பொய்யல்ல.

கோவிட் காலம் அக்கதவை முற்றாக மூடியபோது விளைவும் அளக்கப்பட்டது. 14 நாடுகளின் 69 பிரிவுகளில் 2,088 நோயாளிகளை ஆராய்ந்து 2021இல் வெளிவந்த ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டோர் குழப்பத்துக்கு உள்ளாகியிருந்தனர். டயசெபாம் இன மருந்துகள் அவ்வாய்ப்பைக் கூட்டின. குடும்பத்தினர் நேரிலோ காணொளியிலோ வந்து பேசியோருக்கு அவ்வாய்ப்பு குறைந்திருந்தது. இது தொடர்பைக் காட்டுவதே அன்றிக் காரணத்தை நிறுவுவதன்று. பிரேசிலில் பார்வை நேரத்தை நீட்டித்து 2019இல் வெளியான ஆய்வில் குழப்பம் குறையவில்லை. குடும்பத்தாரின் பதற்றமே குறைந்தது. உறவினர் அறைக்குள் இருப்பது மட்டும் போதாது. அவருக்கு அங்கு ஒரு வேலை இருக்க வேண்டும் என்று இதனை வாசிக்க இடமுண்டு. கோபன்ஹேகன் மாணவருக்கு வேலை இருந்தது.

தீவுகளில் அந்த வேலை என்ன என்பதை மொழியியலும் மருத்துவமும் சேர்ந்து வரையறுக்க முடியும். 'கண்ணைத் திறங்கள்', 'கையை அழுத்துங்கள்', 'வலிக்கிறதா', 'இது மருத்துவமனை', 'தொண்டையில் குழாய் இருப்பதால்தான் பேச முடியவில்லை' என்பன போன்ற தொடர்களை வங்காளத்திலும் தமிழிலும் தெலுங்கிலும் நிக்கோபாரியிலும் அந்தந்தப் பேச்சுவழக்கில் தொகுக்கலாம். எழுத்தறிவை எதிர்பார்க்காத கவனச் சோதனைகளை அம்மொழிகளின் ஒலியமைப்பைக்கொண்டு அமைத்து, அவை செல்லுபடியாவதைச் சோதிக்கலாம். நாளுக்கு ஒருமுறை மருந்து நிறுத்தப்படும் அந்த அரைமணி நேரத்தில் உடனிருப்பவரை உள்ளே அழைத்து, அவர் குரலிலேயே பெயர் சொல்லி அழைக்கச் செய்யலாம். இவற்றுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை.

இயற்கையான போலியோக் கிருமியால் நேர்ந்த இந்தியாவின் கடைசி நோய்ப்பதிவு 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் நாடு போலியோ அற்றதெனச் சான்று பெற்றது. 1947இல் நிக்கோபார்க் கரையில் இறங்கிய கிருமி இன்று அங்கில்லை. விழித்தபடி மூச்சுக்குத் தவித்தவரின் தலைமாட்டில் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்று அக்கிருமி கற்பித்த பாடம் மட்டும் எஞ்சியிருக்கிறது. அந்த ஆள் நோயாளியின் மொழியைப் பேசுபவராகவும் இருக்க வேண்டும் என்பதை அதனோடு சேர்க்க, பல மொழிகள் வழங்கும் அந்தமானைவிடப் பொருத்தமான இடம் இல்லை.